முட்டியை மடக்கக் கூடாது

எழுதத் தெரிந்தவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு எழுத வராது. தோட்டத் தமிழ்ப்பள்ளி, அதன்பிறகு டவுனில் மலாய்ப் பள்ளி, அத்தோடு படிப்பு சரி. நீலாயில் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறேன். பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம்கூட நான் பேசுவதில்லை. கண்ணாடியில் பார்த்துத் தலையசைப்பேன். அப்படிப்பட்டவன் இன்னொரு மனிதரைப் பற்றி நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் என் மாமனாரைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. அவர் பெயரை நானும் எழுதப் போவதில்லை. கோயில் மைக்கில் தன் பெயர் வந்தாலே கூசிப்போய்ப் பின்பக்கமாக நழுவிவிடுகிறவர் அவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். இங்கேயும் மாமா என்றே இருக்கட்டும்.

மாமா எழுந்து நிற்பார். அவரைப் பற்றிச் சொல்ல இந்த ஒன்றுதான் இருக்கிறது. யார் வந்தாலும் எழுந்து நிற்பார். தோட்டத்தில் மானேஜர் வந்தால் எல்லோரும்தான் எழுந்து நின்றார்கள். மீட்டர் பார்க்க வரும் மலாய்ப் பையனுக்கும், சமையல் கேஸ் தோம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும் சீனனுக்கும், மோட்டாரில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வரும் மீன்காரனுக்கும் எழுந்து நின்றது இவர் ஒருவர்தான். டிவியில் சுதந்திர தின அணிவகுப்பு காட்டி, நாட்டுப்பண் ஒலித்தால், கையில் பிட்ட தோசையோடு எழுந்து நிற்பார். பாட்டு முடியும் வரை அந்தத் துண்டு வாய்க்குப் போகாது.

"இந்த மனுசனுக்கு மந்திரியும் ஒண்ணு, மீன்காரனும் ஒண்ணு" என்பார் பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா. "எந்திரிச்சு எந்திரிச்சே இடுப்பு தேஞ்சு போச்சு. நான் வாசப்படி தாண்டினாக்கூட எந்திரிக்கிறாரு லா. எனக்கே வெக்கமா இருக்கு."

"நீ உக்காருக்கா" என்று மாமா நாற்காலியை நகர்த்துவார்.

"நான் உப்பு கேக்க வந்தேன்யா. உக்காந்தா கேக்க முடியும்?"

இப்படி எல்லோருக்கும் எழுந்து நிற்கிறவர், வீட்டு மாப்பிள்ளைக்கு என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரோவைப் பெண் பார்க்கப் போன அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுவா பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து வீடு அவர்களுடையது. முன்னறையில் நாற்காலிகள் நிறைய இருந்தன. அக்கம்பக்கத்தில் எல்லாம் இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். மாமா கதவோரமாக நின்றுகொண்டே இருந்தார். என் சித்தப்பா, "சம்பந்தி, நீங்க உக்காந்தாத்தான் எங்களுக்கு டீ இறங்கும்" என்று சொல்லிப் பார்த்தார். மாமா ஒரு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். நான் டீ கோப்பையைக் கீழே வைக்கக் கொஞ்சம் எழுந்தேன். அவரும் எழுந்துவிட்டார். அதோடு உட்காரவே இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு இது எனக்கு ஒரு பாரமாகிவிட்டது. மரியாதை கிடைக்காதவர்கள் வருத்தப்படுகிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். கிடைத்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. இரவு ஷிப்ட் ஓட்டி முடித்து, கண் எரிச்சலோடு மாமா வீட்டுக்குப் போவேன். ஓரமாக ஒரு பாயைப் போட்டு விழுந்தால் போதும் என்றிருக்கும். மாமா எழுந்து நின்று, "வாங்க மாப்ள, பசியாறிட்டீங்களா?" என்பார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துண்டால் தட்டி என் பக்கம் திருப்புவார். நான் உட்கார வேண்டும். நான் உட்காராமல் அவர் உட்கார மாட்டார். பாதிச் சாப்பாட்டில் இருந்தாலும் எழுந்துவிடுவார், சோற்றுக் கையை மடக்கிக்கொண்டு நிற்பார். அவர் சாப்பிடும் நேரத்தை விட்டுவிட்டுப் போகப் பார்த்தேன். பின்கட்டு வழியாக நுழைந்து பார்த்தேன். மாமா என் மோட்டார் சத்தம் கேட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, குளியலறைப் பக்கம் நின்று "வாங்க மாப்ள" என்றார்.

சரோவுக்கு இது சிரிப்பு. "எங்கப்பாவுக்கு நீங்கதான் எக்சர்சைஸ். அடிக்கடி போய்ட்டு வாங்க, அவரு ஒடம்புக்கு நல்லது" என்பாள்.

தோட்டத்தில் மாமாவுக்கு ஓய்வு கொடுத்த பிறகு, போர்டிக்சன் கடற்கரையில் வாடகைக்கு விடும் மாடிவீடுகளின் கேட்டில் ஜாகா வேலை, அதாவது காவல்காரர் வேலை, பார்த்தார். கூடாரம் மாதிரி ஒரு சின்ன அறை, மின்விசிறி, ஒரு புது நாற்காலி எல்லாம் கொடுத்தார்கள். ஒருமுறை நாங்கள் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துப் போகும்போது பார்த்தேன். கார் வரிசையாக வருகிறது. மாமா வெளியே நின்று ஒவ்வொரு காருக்கும் கையை உயர்த்துகிறார். நாற்காலியில் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கிறது. அதன்மேல் அவருடைய குடை உட்கார்ந்திருக்கிறது.

அன்று நான் கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"ஏன் மாமா, கொஞ்சம் உக்காந்தா என்ன?"

மாமா யோசித்தார். "வந்தவங்க நிக்கறாங்க, நாம உக்காந்திருக்கோம்னு வைங்க மாப்ள. இவங்க எப்பக் கெளம்புவாங்கன்னு பாத்துக்கிட்டிருக்கிற மாதிரி ஆயிரும்ல?"

நான் தலையசைத்தேன்.

அத்தை காலமான பிறகு மாமா தோட்டத்து வீட்டிலேயே தனியாக இருந்தார். அந்த வருடத் தீபாவளிக்கு நாங்கள் அங்கே இருந்தபோது என் அண்ணன் குடும்பத்தோடு வந்தான். மாமா எழுந்து, "வாங்க" என்றார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சுவரைப் பிடிக்கக் கையை நீட்டினார். சுவர் கொஞ்சம் தள்ளி இருந்தது. முறுக்குத் தட்டோடு விழுந்தார். தெளிந்ததும் முதலில் சொன்னது, "அவங்களுக்கு நாற்காலி போடும்மா."

அதற்கு முன்பும் அப்படி ஆகியிருக்கிறது என்று முனியம்மா அக்கா பிறகு சொன்னார். எழுந்தால் கண் இருட்டும், சுவரைப் பிடித்துக்கொள்வார், யாராவது பார்த்தால் சுவரில் பல்லி போகிறது என்பார்.

டவுன் கிளினிக்கில் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்ட டாக்டர், கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே எங்களுக்கு வாய்த்தது கண்ணாடி போட்ட ஒரு பெண் டாக்டர். சரோவைவிட வயது குறைவு, நன்றாகத் தமிழ் பேசினார். மாமா எந்த ஊரம்மா என்று விசாரித்தார்.

"சிரம்பான்தான் ஐயா. எங்க தாத்தா சிலோன்காரர். தோட்டத்துல கிராணியா இருந்தாரு."

அவ்வளவுதான். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் பேத்தி என்றதும் மாமா எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில் மேசையைப் பிடித்தார். முகம் வெளுத்தது. டாக்டரே ஓடி வந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஐயா, எங்க தாத்தா செத்து ரொம்ப நாளாச்சு. நீங்க எந்திரிச்சா எனக்குத்தான் நெஞ்சு வலிக்குது. உக்காருங்க."

பிறகு விளக்கினார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகும் வாசலில் ஒரு கதவு இருக்கிறது. வயதாகி, சுண்ணாம்பு படிந்து, அது சரியாகத் திறக்கவில்லை. அதனால்தான் எழும்போது மயக்கம். நெஞ்சைத் திறந்து மாற்ற இந்த உடம்பு தாங்காது. தொடை இடுக்கில் ஓடும் ரத்தக் குழாயில் ஓட்டை போட்டு, அது வழியாகப் புது வால்வைச் சுருக்கி உள்ளே அனுப்பி, இதயத்தில் விரித்துவிடலாம்.

"வால்வு வைக்கறது எங்களுக்குப் பழகின வேலை" என்றார் டாக்டர். "எனக்குக் கவலை அந்த ஓட்டை மேலதான். பென்சில் கனத்துக்கு இருக்கும். பெரிய குழாய், ரத்தம் அடிச்சுக்கிட்டு ஓடற எடம். வேலை முடிஞ்சதும் உள்பக்கம் ஒரு சின்னத் தகடு, வெளிப்பக்கம் ஒரு அடைப்பான், ரெண்டும் குழாய்ச் சுவத்தை நடுவுல கவ்விப் பிடிக்கற மாதிரி வச்சு மூடுவோம். அது சரியா ஒக்காந்துச்சான்னு ஸ்கேன்ல பாத்துக்கிட்டே செய்வோம்."

"எந்த ஸ்கேன் டாக்டர்?" என்றாள் சரோ.

"வயித்துல பிள்ளை இருக்கறப்ப பாப்பாங்களே, அதே மாதிரிதான்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "அது பொம்பளைங்களுக்கு எடுக்கறதாச்சேம்மா."

"பரவால்ல ஐயா. ஆணா பொண்ணான்னு நான் வெளிய சொல்ல மாட்டேன்."

மாமா சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டாக்டர் சிரிப்பு முடியும் வரை காத்திருந்து, விரலை நீட்டிச் சொன்னார். மூடிய பிறகு மல்லாந்து படுத்திருக்க வேண்டும். தலையைத் தூக்கக் கூடாது. இருமல் வந்தால் மிஸியை, அதாவது நர்ஸை, கூப்பிட வேண்டும், அவர் அங்கே அழுத்திப் பிடிப்பார். முக்கியமாக, முட்டியை மடக்கக் கூடாது. மடக்கினால் அடைப்பு நழுவும். நழுவினால் ரத்தம் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே போகும். நாங்கள் சொல்லும் வரை அந்தக் கால் நேராகவே இருக்க வேண்டும்.

"அதெல்லாம் இருப்பாரு டாக்டர்" என்றாள் சரோ.

நான் தொண்டையைச் செருமினேன். "இல்ல டாக்டர். எங்க மாமா எந்திரிச்சிருவாரு."

"எதுக்கு?"

"யாராச்சும் வந்தா."

டாக்டர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்று புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். "அப்ப யாரையும் வர விடாதீங்க" என்றார்.

அதைத்தான் செய்தோம். வேலை நடந்த அன்று காலை நான் ஷிப்ட் முடித்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வால்வு நல்லபடியாக உட்கார்ந்துவிட்டது, தொடையையும் ஸ்கேனில் பார்த்தபடியே மூடியாகிவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னார். மாமாவை வார்டுக்குக் கொண்டு வந்தார்கள். முழு மயக்கம் கொடுக்கவில்லை, அதனால் பேச்சு தெளிவாகவே இருந்தது. சரோ உள்ளே போய் உட்கார்ந்தாள். பெற்ற பெண்ணுக்கு அவர் எழ மாட்டார், அது ஒன்றுதான் விலக்கு. போகும்போது என்னிடம், "நீங்க மட்டும் அவரு கண்ணுல பட்டுறாதீங்க" என்றாள்.

நான் வராந்தாவில் நின்றேன். இருந்த பெஞ்சில் ஒரு மலாய்க் குடும்பம் சோற்றுப் பொட்டலங்களோடு உட்கார்ந்திருந்தது. அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், நான் கூச்சப்பட்டு வேண்டாம் என்றேன். சுவரில் சாய்ந்தேன். பஸ் ஓட்டுகிறவர்களுக்கு நின்றபடி தூங்க வரும். மத்தியானம் சரோ வெளியே வந்து, மைலோ வாங்கப் போகிறேன், மிஸி பார்த்துக்கொள்கிறார், நீங்கள் அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டு லிப்ட் பக்கம் போனாள்.

சாப்பாட்டு வண்டி தள்ளி வந்தவர் வார்டுக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டார். மாமாவின் கட்டில் கதவுக்கு நேராக இருந்தது. நான் கண்ணை மூடியிருந்தேன்.

"மாப்ள."

கண்ணைத் திறந்தேன்.

"ஏன் மாப்ள நிக்கறீங்க? இங்க நாற்காலி இருக்கு, வாங்க." சொல்லிக்கொண்டே முழங்கையை ஊன்றி எழுந்தார். நான் கையை நீட்டி வேண்டாம் என்று காட்டினேன். நான் அவரைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. முட்டி மடங்கிவிட்டது. ஒரு கால் கட்டிலுக்குக் கீழே தொங்கியது.

"பாக்சிக்! ஜாங்ஙான் பாங்ஙுன்!" எழுந்திருக்காதே என்று கத்திக்கொண்டே மிஸி ஓடி வந்தார். அவரைச் சாய்த்து, போர்வையை விலக்கினார். கட்டுக்கு அடியில் தொடை இடுக்கு முட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதானது. மிஸி இரண்டு கையாலும் அழுத்தி, தன் முழு பாரத்தையும் அதில் போட்டு, டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

டாக்டர் வந்தார். பின்னாலேயே ஸ்கேன் பெட்டி உருண்டு வந்தது. பசையைத் தடவி, மிஸி கையை எடுக்க எடுக்க, அந்த இடத்தில் கருவியை வைத்து அழுத்தினார். திரையில் சாம்பலும் கறுப்புமாக ஏதோ தெரிந்தது. அதில் ஓரிடத்தில் மட்டும் நிறம் துடித்துத் துடித்து வெளியே பாய்ந்தது.

"இது குழாய். இது வெளிய வர்ற ரத்தம்" என்றார் டாக்டர், யாரிடம் என்று தெரியவில்லை. "பாத்துக்கிட்டே அமுக்கறேன். நின்னுட்டா தப்பிச்சோம். நிக்கலன்னா தியேட்டர்தான், தொடையத் திறக்கணும். இந்த நெஞ்சோட அது வேணாம்." மிஸி அதற்குள் ரத்த அழுத்தம் பார்க்கவும் மருந்துக் குழாயைத் திறக்கவும் போய்விட்டார். டாக்டர் தலையைத் திருப்பாமலே, "நீங்க வாங்க. முட்டியப் பிடிங்க. மடக்க விடாதீங்க" என்றார்.

நான் போனேன். குனிந்து, மாமாவின் முட்டியை ஒரு கையாலும் கணுக்காலை ஒரு கையாலும் பிடித்தேன்.

மாமா பதறினார். ரத்தம் போனதற்குப் பதறாதவர் அதற்குப் பதறினார். "ஐயோ மாப்ள, விடுங்க. காலத் தொடாதீங்க. எனக்குப் பாவம் மாப்ள. சரோ எங்க? சரோவக் கூப்பிடுங்க." காலை உருவிக்கொள்ளப் பார்த்தார். திரையில் அந்த நிறம் மறுபடி பாய்ந்தது.

"ஆடாதீங்க ஐயா!" என்றார் டாக்டர்.

மாமா ஆடினார். மாப்பிள்ளை காலைப் பிடிக்க, அவர் படுத்திருப்பதா?

அப்போது நான் கத்தினேன். நான் கத்தி யாரும் கேட்டதில்லை, நானே கேட்டதில்லை. "படு! பேசாம படு! செத்துப் போவணுமா ஒனக்கு?" வார்டு முழுக்கத் திரும்பியது. சாப்பாட்டு வண்டிக்காரர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு தலையணையில் தலையை வைத்தார். "சரிங்க மாப்ள" என்றார், ரொம்ப மெதுவாக.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. டாக்டர் ஒரு கையால் அழுத்திக்கொண்டே இருந்தார். மற்றக் கையால் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. என் இடுப்பு விட்டுப் போனது. மாமாவின் கால் மெலிந்து, குளிர்ந்து, செம்பனை முள் குத்திய பழைய தழும்புகளோடு என் கைக்குள் இருந்தது. மாமா மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் யாராவது கட்டில் பக்கம் வரும்போதெல்லாம், இன்னொரு டாக்டர் வந்து எட்டிப் பார்த்தபோது, மிஸி மருந்தோடு திரும்பி வந்தபோது, அந்த முட்டி என் உள்ளங்கைக்குள் ஒருமுறை துடித்தது. ஒவ்வொரு தடவையும் நான் அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் அது அடங்கியது. மாமா வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கே அது தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

பாய்ச்சல் மெலிந்தது. நூல் மாதிரி ஆனது. அதன்பிறகு குழாய் மட்டும் தெரிந்தது.

டாக்டர் உடனே கையை எடுக்கவில்லை. கொஞ்சம் தளர்த்தினார், பார்த்தார், மறுபடி தளர்த்தினார். "நின்னுடுச்சு" என்றார். நெற்றியைத் தோளில் துடைத்துக்கொண்டு, "நீங்க விட்டுறாதீங்க. நான் சொல்றப்ப விடுங்க" என்று என்னிடம் சொன்னார்.

சரோ மைலோவோடு வந்து வாசலில் நின்றாள். அவள் பார்த்தது, அவள் அப்பா மல்லாந்து கிடக்க, அவள் புருஷன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பதை.  அந்த நாற்காலியை இழுத்து எனக்குப் பின்னால் போட்டாள். காலை விடாமலே உட்கார்ந்தேன்.

அந்த வால்வு கடைசி வரை ஒழுங்காக வேலை செய்தது. சில வருடங்கள் கழித்து மாமாவைக் கொண்டு போனது நுரையீரல் காய்ச்சல், அது வேறு விஷயம். நான் கத்தியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நான் கத்திய மறுநாள் காலை டாக்டர் ஸ்கேன் பெட்டியோடு வந்து தொடையைப் பார்த்தார். கசிவு இல்லை என்றார். மத்தியானம் சோறும் மீனும் கொடுத்தார்கள். மாமா பாதி சாப்பிட்டார். எனக்கு மாலை ஷிப்ட் இருந்தது, நீலாய்க்குத் திரும்பினேன்.